கோல்வாயில் நின்ற காவலர்

விளையாட்டுத் திடலில் மற்ற ஆட்டக்காரர்கள் செய்யும் பிழைகளுக்கெல்லாம் மறைப்பு உண்டு. முன்னணி வீரர் பந்தைத் தவறவிட்டால் நடுக்கள வீரர் ஓடிவந்து எடுப்பார். அவரும் விட்டால் பின்னணி வீரர் இருக்கிறார். கோல்கீப்பருக்குப் பின்னால் இருப்பது வலை ஒன்றுதான். அவருடைய பிழை அந்தக் கணமே எண்ணிக்கைப் பலகையில் ஏறிவிடும். இன்னொன்றும் உண்டு. முன்னணி வீரர்கள் ஐந்து பேர் நன்றாக ஆடினால் ஐந்து பேருக்கும் எப்படியாவது இடம் கொடுத்துவிடலாம். கோல்கீப்பர்கள் இரண்டு பேர் நன்றாக ஆடினால் ஒருவர் வெளியே உட்கார்ந்தே ஆகவேண்டும். இப்படி ஒரு போட்டி அணிக்குள்ளேயே இருப்பது அணிக்கு நல்லதா, கெடுதலா? போட்டி இருந்தால்தான் இருவரும் உழைப்பார்கள் என்று பயிற்சியாளர்கள் பெரும்பாலும் சொல்லுகிறார்கள். அந்தச் சொல்லை ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து உரைத்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் பெயர் டெர்ரி சாச்சுக். கனடா நாட்டில் பிறந்தவர். ஐஸ் ஹாக்கி உலகம் கண்ட தலைசிறந்த கோல்கீப்பர்களுள் ஒருவர்.

நம் திடலில் ஆடும் ஹாக்கிக்கும் பனித்தரை ஹாக்கிக்கும் உறவு உண்டு. ஆனால் வேகம் வேறு. பக்கத்திற்கு ஆறு பேர், காலில் சறுக்குக் காலணி, பந்துக்குப் பதில் உறைய வைத்த ரப்பர் வட்டு. அந்த வட்டு மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்திலும் பறந்து வரும். அகலம் 6 அடி, உயரம் 4 அடி உள்ள கோலைக் காத்து நிற்பவர் அதைக் கையாலோ காலாலோ மார்பாலோ தடுக்க வேண்டும். சாச்சுக் ஆடத் தொடங்கிய காலத்தில் முகத்திற்குக் கவசம் கிடையாது. 1942 முதல் 1967 வரை தேசிய ஹாக்கி லீக் எனப்படும் தலைமைப் போட்டியில் ஆறே அணிகள்தாம் இருந்தன. அணிக்கு ஒரு கோல்கீப்பர். ஆக, இரண்டு நாடுகளுக்கும் சேர்த்து அந்தத் தொழிலில் உச்சிப் பதவிகள் மொத்தம் ஆறு! கீழ்நிலை அணிகளில் பல திறமைசாலிகள் அந்த ஆறு பேரில் எவருக்கு எப்பொழுது அடிபடும் என்று காத்துக் கிடந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆட்டத்தின் நடுவே கோல்கீப்பருக்குக் காயம் பட்டால் என்ன செய்வார்கள்? தையல் போட்டு அவரையே திரும்ப அனுப்புவார்கள். அதுவும் முடியாவிட்டால் அன்று உள்ளூரில் கிடைக்கும் ஆள் எவரையாவது நிறுத்துவார்கள். டெட்ராய்ட் அணியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் உதவியாளராக இருந்த லெஃப்டி வில்சன் என்பவர் இப்படி மூன்று முறை கோலில் நின்றிருக்கிறார். அதிலும் இரண்டு முறை எதிரணிக்காக! 1953இல் அவர் நின்றது சாச்சுக்குக்குப் பதிலாக. 1956இல் டொரன்டோவின் ஹாரி லம்லிக்குப் பதிலாக. 1957இல் பாஸ்டனின் டான் சிம்மன்ஸுக்குப் பதிலாக. இந்த மூன்று பெயர்களும் இனி வரும் வரலாற்றில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

டெர்ரி சாச்சுக் 1929 டிசம்பர் 28ஆம் நாள் வின்னிபெக் நகரில் பிறந்தார். உக்ரைனிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தந்தை தகர வேலை செய்பவர். வீட்டின் மூத்த மகன் நல்ல கோல்கீப்பர். தம்பிக்கு அவரே தெய்வம். அந்த அண்ணன் பதினேழு வயதில் இதயக் கோளாறினால் மாண்டுபோனார். அப்போது டெர்ரிக்குப் பத்து வயது. அண்ணன் அணிந்திருந்த கால்காப்புகள் தம்பிக்கு வந்தன. இறந்தவர் விட்டுச்சென்ற இடத்தில்தான் அவர் முதன்முதலில் கோலுக்கு முன் நின்றார் எனலாம்.

பன்னிரண்டு வயதில் வேறு ஓர் ஆட்டத்தில் அவருடைய வலது முழங்கை பிசகியது. வீட்டில் திட்டுவார்களே என்று அஞ்சி அவர் சொல்லவே இல்லை. எலும்பு தப்பாகவே கூடிவிட்டது. அந்தக் கை மற்றக் கையைவிடக் குட்டையாகவே வாழ்நாள் முழுவதும் நின்றுவிட்டது. பிற்காலத்தில் அறுவை செய்து அந்த முழங்கையிலிருந்து எலும்புத் துணுக்குகளை எடுத்தார்கள். வலியை மறைப்பது என்ற வழக்கம் அந்த வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது. அந்த வழக்கம் அவர் தொழிலுக்கு உதவியது, உடம்பிற்கு உதவவில்லை.

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியினர் அவரைச் சிறுவயதிலேயே கண்டுபிடித்துத் தம் பயிற்சி அணிகளில் வளர்த்தார்கள். 1947-48இல் ஒமாகாவிலும் அடுத்த ஆண்டு இண்டியானாபோலிஸிலும் ஆடி, இரண்டு லீக்குகளிலும் சிறந்த புதுமுகம் என்ற பரிசைப் பெற்றார். மேலே டெட்ராய்ட் அணியின் கோலில் நின்றவர் ஹாரி லம்லி. 1950 ஜனவரியில் லம்லிக்கு அடிபட்டது. ஏழு ஆட்டங்களுக்கு சாச்சுக்கை அழைத்தார்கள். லம்லி குணமாகித் திரும்பி வந்தார். அந்த வசந்தத்தில் டெட்ராய்ட் அணிக்கு ஸ்டான்லி கோப்பையையும் வென்று கொடுத்தார். நியூயார்க் அணியோடு ஏழாவது ஆட்டம், அதிலும் இரண்டாவது கூடுதல் நேரம் வரை போன கடும் போட்டி அது. கோப்பை வென்ற கோல்கீப்பரை எந்த அணியாவது விட்டுவிடுமா? டெட்ராய்ட் விட்டுவிட்டது. மூன்று மாதம் கழித்து, ஜூலையில், ஒன்பது ஆட்டக்காரர்கள் கைமாறிய ஒரு பரிமாற்றத்தில் லம்லியை சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார் மேலாளர் ஜாக் ஆடம்ஸ். லம்லிக்கு வயது அப்போது இருபத்து மூன்றுதான்.

இளைஞர் சாச்சுக் அந்த இடத்தில் வந்து நின்று செய்தது அற்புதம். 1950-51இல் எழுபது ஆட்டங்களிலும் அவரே நின்றார். பதினொரு ஆட்டங்களில் எதிரணி ஒரு கோல்கூடப் போடவில்லை. மூன்றாவது லீக்கிலும் சிறந்த புதுமுகம் அவரே. இடுப்பை வளைத்து, முகம் முழங்காலுக்கு வந்துவிடும் அளவுக்குக் குனிந்து நிற்பது அவர் பாணி. கூட்டமாக நின்று பார்வையை மறைக்கும் ஆட்டக்காரர்களின் கால்களுக்கு இடையே வட்டு வருவதை அப்படித்தான் பார்த்தார். 1952இல் கோப்பைக்கான எட்டு ஆட்டங்களிலும் டெட்ராய்ட் தொடர்ந்து வென்றது. எட்டு ஆட்டங்களிலும் சேர்த்து அவர் விட்டது ஐந்து கோல்கள். நான்கு ஆட்டங்களில் ஒன்றுமே இல்லை. சொந்த ஊரில் நடந்த ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போகவில்லை! முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் அவர் விட்ட கோல்களின் சராசரி ஆட்டத்திற்கு இரண்டுக்கும் கீழே. 1952, 1954, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளில் கோப்பை டெட்ராய்ட்டுக்கே வந்தது.

போட்டி மறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்; அது ஊர் மாறியிருந்தது, அவ்வளவுதான். லம்லி பின்னர் டொரன்டோ அணிக்குப் போய்ச் சேர்ந்தார். மிகக் குறைந்த கோல்களை விட்ட அணியின் கோல்கீப்பருக்கு 1981 வரை தரப்பட்டுவந்த வெசினா விருது 1954இல் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் லம்லிக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு அதே ஒரு கோல் வித்தியாசத்தில் சாச்சுக் அதைத் திரும்பப் பெற்றார். எதிரெதிர் அணிகளில் நின்று இருவரும் இப்படிப் போட்டியிட்டபோது இரண்டு அணிகளுமே பயன் பெற்றன. இந்த வகைப் போட்டியை யாரும் குறை சொல்ல முடியாது.

குறை இருப்பது மற்றொரு வகையில். அடிபட்டு ஒதுங்கிய லம்லியின் இடத்தைத் தாம் எப்படிப் பெற்றோம் என்பதை சாச்சுக் கண்ணால் கண்டவர். தாம் ஒதுங்கினால் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கையிலும் முகத்திலும் முதுகிலும் காயங்களோடு அவர் தொடர்ந்து ஆடியதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து. உடல் பருத்துவிட்டது என்று மேலாளர் கண்டித்தபோது அளவுக்கு மீறி இளைத்தார்; பின்பு விரும்பியபோதும் பழைய எடை திரும்பவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருந்த இளைஞர் சிடுசிடுப்பானவராக மாறினார் என்று உடன் ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குடிப்பழக்கமும் சேர்ந்தது.

1955இல் கோப்பையும் வெசினா விருதும் கையில் இருக்க, சாச்சுக்குக்கு வயது இருபத்தைந்து. கீழ் அணியில் க்ளென் ஹால் என்ற இளைஞர் தயாராகிவிட்டார். ஜூன் மாதத்தில் மீண்டும் ஒன்பது பேர் கைமாறினர். சாச்சுக் பாஸ்டன் அணிக்குப் போனார். லம்லிக்கு நடந்தது அப்படியே அவருக்கும் நடந்தது. ஆடம்ஸின் கணக்கு மேலோட்டமாகப் பார்த்தால் சரியான கணக்குத்தான். ஹால் முதல் ஆண்டிலேயே பன்னிரண்டு ஆட்டங்களில் கோல் விடாமல் நின்று சிறந்த புதுமுகம் ஆனார். ஆனால் கோப்பை மான்ட்ரீலுக்குப் போயிற்று. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அங்கேயே இருந்தது.

பாஸ்டனில் சாச்சுக் நொந்துபோனார். 1956 டிசம்பரில் சுரப்பிகளைத் தாக்கி உடலை ஓய்த்துவிடும் காய்ச்சல் ஒன்று அவருக்கு வந்தது. மாதக்கணக்கில் ஓய்வு தேவைப்படும் நோய் அது. அவரோ சில வாரங்களுக்குள் திரும்பி வந்து கோலில் நின்றார். முடியவில்லை. 1957 ஜனவரியில் ஆட்டத்தையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். பாதியில் ஓடிப்போனவர் என்று செய்தித்தாள்கள் ஏசின. நோயுற்ற மனிதர் படுத்திருக்க உரிமையில்லை என்பதுபோல் எழுதியவர்களின் நியாயம் இன்றைக்கும் விளங்கவில்லை. அவர் இடத்தில் பாஸ்டன் நிறுத்தியது முன்பு சொன்ன டான் சிம்மன்ஸை. அந்த வசந்தத்தில் சிம்மன்ஸ் காத்த பாஸ்டன் அணி, ஹால் காத்த டெட்ராய்ட் அணியை அரையிறுதியில் வென்று வெளியேற்றியது!

உடனே டெட்ராய்ட் என்ன செய்தது தெரியுமா? ஜானி பியூசிக் என்ற இளம் முன்னணி வீரரை பாஸ்டனுக்குக் கொடுத்து, தான் விற்ற சாச்சுக்கையே திரும்ப வாங்கியது. ஹாலை, ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் அமைக்க முயன்ற டெட் லிண்ட்சேயுடன் சேர்த்து சிகாகோவுக்கு அனுப்பியது. பியூசிக் பாஸ்டனுக்காக 545 கோல்கள் போட்டார். ஹால் 1955 முதல் 1962 வரை ஓர் ஆட்டமும் விடாமல் தொடர்ந்து 502 ஆட்டங்கள் நின்றார். அந்தச் சாதனை இதுவரை முறியடிக்கப்படவில்லை. கோல்கீப்பர்களை மாற்றி மாற்றி நிறுத்தும் இக்காலத்தில் முறியடிக்கப்படப் போவதும் இல்லை. 1961 இறுதிப் போட்டியில் சிகாகோவும் டெட்ராய்ட்டும் மோதின. ஒரு பக்கம் ஹால். மறுபக்கம் சாச்சுக்கையும் ஹாங்க் பாஸனையும் டெட்ராய்ட் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தது. கோப்பை சிகாகோவுக்குப் போயிற்று. 1955க்குப் பிறகு டெட்ராய்ட் அடுத்த கோப்பையைக் கண்டது 1997இல்தான். நாற்பத்திரண்டு ஆண்டு வறட்சிக்குக் கோல்கீப்பர்களை மாற்றியது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வேறு பல நல்ல ஆட்டக்காரர்களையும் ஆடம்ஸ் விற்றிருந்தார். இருந்தாலும் லம்லி, சாச்சுக், ஹால் ஆகிய மூவரையும் ஏழே ஆண்டுகளில் ஒருவர் பின் ஒருவராக வெளியேற்றிய அணி அது என்பதை மறக்க முடியாது.

மான்ட்ரீலின் ஜாக் பிளாண்ட் 1959 நவம்பரில் முகத்தில் அடிபட்டு, கவசத்தோடுதான் ஆடுவேன் என்று பிடிவாதமாக நின்றார். கவசம் போடுபவர் கோழை என்று மேலாளர் நினைத்துவிடுவாரோ என்ற அச்சத்தில் மற்றவர்கள் தயங்கினார்கள். சாச்சுக் கவசம் அணிந்தது 1962இல். அதைச் செய்து கொடுத்தவர் நாம் முன்பு கண்ட லெஃப்டி வில்சன்! அதற்குள் சாச்சுக்கின் முகத்தில் நானூறு தையல்கள் விழுந்திருந்தன என்று கணக்குச் சொல்வார்கள். பின்னர் 1966இல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்கப் படப் பத்திரிகை, அந்தத் தையல்களையெல்லாம் ஒப்பனைக்காரரைக் கொண்டு அவர் முகத்தில் மறுபடி வரைந்து படமெடுத்து வெளியிட்டது. பார்த்தவர்கள் அதிர்ந்து போனார்கள்.

1964 ஜனவரி 18ஆம் நாள் மான்ட்ரீல் நகரில் தம் 95ஆவது கோலில்லா ஆட்டத்தை ஆடி, ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த்தின் பழைய சாதனையைக் கடந்தார். ஐந்து மாதம் கழித்து டெட்ராய்ட் அவரை இரண்டாம் முறையாகக் கைவிட்டது. இம்முறை இளைஞரின் பெயர் ரோஜர் குரோசியர். ஆண்டு இடைத்தேர்வில் குரோசியரைக் காத்துக்கொண்டு சாச்சுக்கைத் திறந்துவிட்டார்கள். டொரன்டோ அணி அவரை எடுத்துக்கொண்டது.

டொரன்டோவில் கோல் காலியாக இல்லை. அங்கே ஜானி பௌவர் இருந்தார். சாச்சுக்கைவிட ஐந்து வயது மூத்தவர். கீழ்நிலை அணிகளில் பல்லாண்டுகள் கிடந்து, 1953இல் நியூயார்க்கில் கம்ப் வொர்ஸ்லியின் இடத்தைப் பிடித்து, எழுபது ஆட்டங்களும் ஆடி, அடுத்த ஆண்டே அந்த இடத்தை வொர்ஸ்லியிடம் பறிகொடுத்தவர். டொரன்டோவுக்கு 1962, 1963, 1964 என மூன்று கோப்பைகளைத் தொடர்ந்து வென்று கொடுத்தவரும் அவரே. இரண்டு புலிகளை ஒரே கூண்டில் அடைத்துவிட்டார் பயிற்சியாளர் பஞ்ச் இம்லாக் என்றுதான் எவரும் நினைத்திருப்பர்.

நடந்தது வேறு. 1964-65இல் பௌவர் 34 ஆட்டங்களிலும் சாச்சுக் 36 ஆட்டங்களிலும் நின்றார்கள். ஒருவர் ஆடும்போது மற்றவர் ஓய்வெடுத்தார். அடிபட்டவர் குணமாகும் வரை இருக்க முடிந்தது. டொரன்டோ விட்ட கோல்கள் 173. எழுபது ஆட்டங்களிலும் தனியே நின்ற குரோசியரின் டெட்ராய்ட் விட்டது 175. வெசினா விருது டொரன்டோவுக்கு வந்தது. விதிப்படி அதிக ஆட்டங்கள் ஆடிய ஒருவர் பெயரைத்தான் பொறிக்க முடியும். அது சாச்சுக்கின் பெயர். இருவர் பெயரும் இல்லாவிட்டால் விருதே வேண்டாம் என்று அவர்கள் தெரிவித்துவிட்டார்கள். லீக் விதியை மாற்றியது. பதினைந்து ஆண்டுகளாக இடத்திற்காகவே அஞ்சி வாழ்ந்த மனிதர், தமக்கே உரியது என்று சட்டம் சொன்ன பரிசில் பாதியைத் தாமே கேட்டுக் கொடுத்திருக்கிறார். அவருடைய சாதனைகளிலெல்லாம் பெரிது இது என்பேன். மறு ஆண்டு முதல் ஒவ்வோர் அணியும் இரண்டு கோல்கீப்பர்களைக் களத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் விதியாயிற்று. 1966, 1967, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வெசினா விருதைப் பெற்றவர்கள் இரட்டையர்களே.

இனி 1967. டொரன்டோ அணியில் பலர் முதியவர்கள். பௌவருக்கு 42, முதுகில் அறுவை முடித்து வந்திருந்த சாச்சுக்குக்கு 37. குளிர்காலத்தில் அணி தொடர்ந்து பத்து ஆட்டங்களில் தோற்றது. இம்லாக் உடல்நலமின்றி மருத்துவமனையில் கிடந்தார். எப்படியோ தப்பித்து மூன்றாம் இடத்தில் முடித்தது. மார்ச் மாதம் சாச்சுக் தம் நூறாவது கோலில்லா ஆட்டத்தைக் கண்டார். அரையிறுதியில் எதிரே முதலிடம் பெற்ற சிகாகோ. ஐந்தாவது ஆட்டத்தில் பௌவர் தொடங்கினார், முதற்பகுதி 2-2. அவர் தடுமாறுவதைக் கண்டு சாச்சுக்கை இறக்கினார்கள். வந்த சிறிது நேரத்திலேயே பாபி ஹல் அடித்த வட்டு அவர் தோளில் பாய்ந்து கீழே சாய்த்தது. இனி எழமாட்டார் என்றே அரங்கம் எண்ணியது. எழுந்தார். மீதி இரண்டு பகுதிகளில் 37 அடிகளைத் தடுத்தார். ஒன்றும் உள்ளே போகவில்லை. டொரன்டோ 4-2 என வென்றது.

இறுதிப் போட்டியில் மான்ட்ரீல். முதல் ஆட்டத்தில் சாச்சுக் நின்று 2-6 எனத் தோல்வி. இரண்டாவதில் பௌவர் ஒரு கோலும் விடவில்லை. மூன்றாவதையும் இரண்டாவது கூடுதல் நேரத்தில் வென்றார். நான்காவது ஆட்டத்திற்கு முன் பயிற்சி செய்கையிலேயே பௌவரின் தொடையிடுக்குத் தசை பிசகிவிட, சாச்சுக் வந்தார், மறுபடி 2-6. இந்த இடத்தில் மற்ற அணியாக இருந்தால் கலங்கியிருக்கும். ஐந்தாவது ஆட்டத்தை சாச்சுக் 4-1 என வென்றார். மான்ட்ரீல் அணிதான் கலங்கியது. ஐந்து ஆட்டங்கள் நின்ற இளைஞர் ரோகி வாஷோனை நீக்கிவிட்டு, வாரக்கணக்கில் ஆடாமல் இருந்த வொர்ஸ்லியை ஆறாவது ஆட்டத்தில் இறக்கியது. வொர்ஸ்லி மோசமாக ஆடவில்லை. ஆனால் மே 2ஆம் நாள் எதிர்ப்புறத்தில் நின்றவர் நாற்பது அடிகளைத் தடுத்தார். டொரன்டோ 3-1 என வென்று கோப்பையை ஏந்தியது. அந்நகரம் அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் மறு கோப்பையைக் காணவில்லை.

இரண்டு பேர் இருந்ததால்தான் அது முடிந்தது. ஒருவர் விழுந்தபோது மற்றவர் நின்றார். மற்றவர் தோற்றபோது முன்னவர் மீட்டார். சாச்சுக் 2-6 எனத் தோற்ற இரண்டு தடவையும் அவரை விற்றுவிட வேண்டும் என்று யாரும் பேசவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பிறகு நடந்தவை விரைவில் சொல்லக்கூடியவை. அதே 1967 கோடையில் லீக் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. பழைய அணி ஒவ்வொன்றும் ஒரே ஒரு கோல்கீப்பரைத்தான் காத்துக்கொள்ளலாம். சாச்சுக் விடப்பட்டார், லாஸ் ஏஞ்சல்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. அடுத்த ஆண்டு மூன்றாம் முறையாக டெட்ராய்ட். அதற்கடுத்து நியூயார்க்கில் எடி ஜியாகோமினுக்கு மாற்றாள். அங்கே எட்டே ஆட்டங்கள். அவற்றில் ஒன்று, 1970 பிப்ரவரியில், அவருடைய 103ஆவது கோலில்லா ஆட்டம். இல்வாழ்க்கை அதற்குள் முறிந்திருந்தது. ஏழு குழந்தைகளின் தந்தை அவர். 1970 ஏப்ரல் இறுதியில், தம்மோடு வீடு பகிர்ந்து தங்கியிருந்த சக ஆட்டக்காரருடன் ஏற்பட்ட ஒரு சச்சரவில் கீழே விழுந்து உள்ளுறுப்புகளில் காயமுற்றார். அறுவைகள் நடந்தன. மே 31ஆம் நாள் நியூயார்க் மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது நாற்பது. நடந்தது விபத்தே என்று விசாரணைக் குழு முடிவு செய்தது.

ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம்பெற ஓய்வுக்குப்பின் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. சாச்சுக்குக்கு அதைத் தளர்த்தி 1971லேயே இடம் கொடுத்தார்கள். 971 ஆட்டங்கள் ஆடியவர். 103 என்ற எண்ணை 2009 டிசம்பரில் மார்ட்டின் பிரோடர் கடக்கும் வரை முப்பத்தொன்பது ஆண்டுகள் ஒருவரும் நெருங்கவில்லை. இருமுறை அவரைக் கைவிட்ட டெட்ராய்ட் அணி, 1994இல் அவர் அணிந்த 1ஆம் எண் சட்டையை அரங்கின் கூரையில் ஏற்றி, இனி அந்த எண்ணை எவருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. ஜானி பௌவர் 2017 வரை, தொண்ணூற்று மூன்று வயது வரை வாழ்ந்தார்.

வெசினா கோப்பையில் 1965ஆம் ஆண்டுக்கு நேரே இரண்டு பெயர்களும் இருக்கின்றன.